திரையில் இரண்டு நொடி

சொந்தக்காரர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எனக்கு முதலில் வருவது பாசமல்ல, எரிச்சல். ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது குடும்பத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து, வயர் வைத்த எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் என் தலையில்தான் வந்து விழும். மாமா ஒருவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கம்ப்யூட்டரையே பார்க்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நியாயம் வேறு பேசினார்.

அண்ணி அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் ஒரு பல்பு மாற்றக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. அதனால் அவளிடமிருந்து போன் வந்ததும் எடுத்துவிட்டேன்.

"தம்பி, உங்க அண்ணனோட ஸ்கிரீன் கருப்பாவே இருக்கு. கொஞ்சம் வந்து பார்க்கிறியா?"

"கரண்ட்டை ஒரு தடவை புடுங்கிட்டு மறுபடி மாட்டிப் பாருங்க அண்ணி. பாதி வியாதி அதுலயே போயிடும்."

"அது மட்டும் முடியாது," என்றாள். "அவர் போனதிலேர்ந்து அது ஓடிக்கிட்டேதான் இருக்கு. அணைக்காம சரி பண்ண முடியும்னா வா. இல்லேன்னா வேண்டாம்."

அன்றைக்கு அண்ணன் செத்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் வீடு நாலாவது மாடி. மூன்று அறைகளில் கடைசி அறை அண்ணனுடையது. கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது அவன் தொழில். கட்டடக்காரர்கள் வரைபடத்தைக் கொடுத்தால், அந்த வீடு நிஜமாகவே நிற்பதுபோல் கம்ப்யூட்டரில் செய்து தருவான். ஜன்னல் வழியே வெயில் விழும், திரைச்சீலையின் நிழல் தரையில் கிடக்கும், மேஜைமேல் பாதி குடித்த தண்ணீர்க் கிளாஸ்கூட இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்கள். ஆள் வைத்தால் பார்க்கிறவன் தன் வீடாக நினைக்க மாட்டான் என்பான்.

நிறம் மாறித் தெரியக் கூடாது என்று அந்த அறை ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டிருந்தான். பகல் இரண்டு மணிக்கே உள்ளே இருட்டு. மேஜைக்கடியில் கண்ணாடி பக்கவாட்டு வைத்த பெரிய பெட்டி. உள்ளே செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. அது தொங்கிப்போகாமலிருக்க அடியில் ஒரு பென்சிலை முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மானிட்டரில் மூச்சுப் பேச்சில்லை. அவன் நாற்காலியின் மெத்தை அவன் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியே இருந்தது. அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. அண்ணி சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"மூணு வாரமாச்சு. ஓரத்துல சின்னதா ஒரு பெட்டி வந்துச்சு. புதுசு போட்டாச்சு, ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேட்டுச்சு. தினமும் கேட்டுச்சு. ஒருநாள் தொல்லை தாங்காம சரின்னு அமுக்கிட்டேன். அதோட போச்சு." அவள் கையைப் பிசைந்தாள். "அமுக்கியிருக்கக் கூடாது, இல்ல?"

"எல்லாரும் அமுக்குறதுதான் அண்ணி."

"ஆனா உயிரோடதான் இருக்கு. தினமும் மூணு மணிக்குத் தானா சத்தம் கூடும். கால் மணி நேரம் ஏதோ செய்யும். அப்புறம் அடங்கிடும்."

"அது பேக்கப். மூணு மணிக்கு எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைன்னு அண்ணன் சொல்லி வச்சிருப்பான். ஸ்கிரீன் இருந்தாலும் இல்லாட்டியும் அது பாட்டுக்குச் செய்யும்."

"அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும்," என்றாள். "இருந்தாலும் மூணு மணி ஆச்சுன்னா வந்து இங்க உட்கார்ந்துக்குவேன்."

அவள் ஒரு மருந்துக் கடையில் பொறுப்பாளர். நானூறு மாத்திரை பெயர்களையும் அளவுகளையும் மனப்பாடமாகச் சொல்லுகிறவள். பேய் பிசாசு என்று பேசுகிற ஆளே கிடையாது. அவளே இப்படிச் சொல்கிறாள்.

"அண்ணி, இதைச் சரி பண்ணி என்ன செய்யப் போறீங்க? அவனுக்கு வேலை குடுத்தவங்க கேக்குறாங்களா?"

"அதெல்லாம் இல்ல." கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னைக்கு அவர் வெளியில போறதுக்கு முன்னால இந்த ஸ்கிரீன்ல என்ன பார்த்துக்கிட்டு இருந்தாருன்னு எனக்குத் தெரியணும். மொத ரெண்டு வாரம் இந்த அறைக்குள்ள வரவே முடியல, அப்புறம் வந்து பார்த்தா வெறும் கட்டில் படம்தான் இருந்துச்சு. அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு தெரியலேன்னா எனக்கு நிம்மதி இல்ல."

அன்றைக்கு நடந்ததை அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். அவள் மார்பில் ஒரு கட்டி. நாலு மணிக்கு ஸ்கேன் முடிவு சொல்வதாக டாக்டர் வரச் சொல்லியிருந்தார். கூட வாருங்கள் என்று ஒரு வாரமாக அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்கு மூன்று மணிக்கு இந்த அறைக்கு வந்து பார்த்தால் அவன் கிளம்பாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கிளம்பலையா என்றால் பதில் இல்லை. பேசுங்களேன் என்றால் பேச்சில்லை.

"எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்துச்சோ. நான் செத்தாக்கூட நீங்க இந்த ஸ்கிரீனை விட்டு எழுந்திரிக்க மாட்டீங்கன்னு கத்தினேன். எழுந்திரிச்சாரு. ஒரு வார்த்தை பேசல. வீட்டுச் செருப்போடயே இறங்கிப் போயிட்டாரு."

இருபது நிமிஷத்தில் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. அது எனக்குத் தெரியும்.

"ஸ்கேன் என்ன ஆச்சு அண்ணி?"

"வெறும் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "நான் சொன்ன வார்த்தைதான் அவரை ரோட்டுக்கு அனுப்புச்சா, இல்ல வேற ஏதாவதான்னு தெரியணும் தம்பி. வேற எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணியிடம் அதுவரை சொல்லாதது, யாரிடமும் சொல்லாதது.

அண்ணன் இறந்த அந்த நாள்தான், அப்பா இறந்து சரியாக ஒரு வருஷம் முடிந்த தேதி. அப்பா கடைசி மூச்சு விடும்போது அண்ணன் பக்கத்தில் இல்லை. வேலை இருந்ததாம், முடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நாள் மத்தியானம், சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மனசில் ஒரு வருஷமாகக் கிடந்து புளித்ததையெல்லாம் அவனுக்கு ஒரு மெசேஜாக எழுதி அனுப்பினேன். எழுதும்போது சுகமாக இருந்தது. அனுப்பிய நேரம் இரண்டு மணி பத்து நிமிஷம்.

அண்ணன் தன் வாடிக்கையாளர் விஷயங்கள் வெளியே போகக் கூடாதென்று எல்லா மெசேஜும் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வைத்திருந்தான். அவன் போன் லாரிச் சக்கரத்தில் நசுங்கிப்போனது. என் பக்கம் இருந்ததை அன்று ராத்திரியே நான் அழித்துவிட்டேன். பிறகு நாற்பத்தோரு நாளும் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன். வேலை செய்யும்போது அண்ணன் போனைக் குப்புறப் போட்டுவிடுவான், அதனால் பார்த்திருக்க மாட்டான் என்பதுதான் என் கட்சி. போனுக்கு வருகிற மெசேஜ் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்கிற சின்ன விஷயம், கம்ப்யூட்டர் பிழைப்பு பிழைக்கிற எனக்கு, அண்ணி 'இந்த ஸ்கிரீன்ல என்ன' என்று கேட்கும்வரை உறைக்கவில்லை.

என் மெசேஜ் அந்தத் திரையில் இருந்தது என்று தெரிந்தால் அண்ணி தப்பித்தாள், நான் மாட்டினேன். ஆனால் ஒரு ஆறுதலும் இருந்தது. அவள்தான் ரீஸ்டார்ட் செய்துவிட்டாளே. திறந்திருந்ததெல்லாம் அப்போதே போயிருக்கும். சரி செய்து கொடுத்தாலும் எதுவும் வராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் கீபோர்டில் கை வைத்தேன்.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் படமில்லாத எழுத்துத் திரை வந்தது, பாஸ்வேர்டு அண்ணிக்குத் தெரிந்திருந்தது. வியாதி என்ன என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கர்னல் என்பது மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாப் பாகங்களையும் வேலை வாங்குகிற மேஸ்திரி. டிரைவர் என்பது அந்த மேஸ்திரி சொல்வதைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி சொல்கிற மொழிபெயர்ப்பாளர். அண்ணி அமுக்கிய ரீஸ்டார்ட்டில் மேஸ்திரி மாறிவிட்டார்; மாறினால் அவருக்கு ஏற்றபடி மொழிபெயர்ப்பாளரையும் புதிதாகத் தயார் செய்ய வேண்டும். சிஸ்டம் தானாகத் தருகிற டிரைவரைப் போட்டிருந்தால் அது தானாகவே நடந்திருக்கும். அண்ணனுக்கு அது ஆகாது. கார்டு கம்பெனி வெளியிட்ட அன்றைக்கே புதுசை இறக்கித் தன் கையால் போட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கையால் போட்டால் ஒவ்வொரு கர்னலுக்கும் கையால்தான் போட வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நூறு தடவையும் சரிடா என்றான்.

பழைய கர்னலுக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதுவும் இல்லை. சிஸ்டம் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். அப்டேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அண்ணனுக்குப் பழக்கமான கர்னல் எப்போதோ வெளியே போயிருந்தது. இந்த வீட்டில் அவனைத் தெரிந்தவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன என்று தோன்றியது. தோன்றிய கையோடு அதை ஒதுக்கித் தள்ளினேன்.

பாஸ்வேர்டு அண்ணிக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் போட்ட டிரைவர் வேலை செய்யாததால் அதன் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்த, உப்புச்சப்பில்லாத மாற்று டிரைவரை இனி எழாதபடி முடக்கினேன். டிரைவரைத் தயார் செய்யத் தேவையான, புதுக் கர்னலுக்கான தலைப்புக் கோப்புகள் இல்லாததால்தான் எதுவும் தயாராகவில்லை, அவற்றை இறக்கினேன். டிரைவரைப் புதிதாகத் தயார் செய்யச் சொன்னேன். வரிகள் ஓடின. அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று, டாக்டரின் முகத்தைப் பார்க்கிறவள்போல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப ரீஸ்டார்ட் பண்ணணும் அண்ணி. அணைக்கல. ரீஸ்டார்ட்தான்."

"கரண்ட் போகாதுல்ல?"

"போகாது."

கார்டின் விசிறிகள் ஒரு தடவை உரக்கச் சுற்றி அடங்கின. திரை கருப்பானது. எழுத்துகள் வந்தன, போயின. பிறகு சட்டென்று ஒரு வெளிச்சம்.

அது முகப்புத் திரை இல்லை. திரை முழுக்கப் பட்டை பட்டையாகக் கிழிந்த படங்கள். ஒரு பட்டையில் ஜன்னல், வெயில். இன்னொன்றில் பாதிக் கட்டில். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை, அதில் எழுத்துகள், தமிழ் எழுத்துகள். இரண்டு நொடி இருந்திருக்கும். மறுபடி இருட்டு.

அண்ணியின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன.

"அது அவர் ஸ்கிரீன்," என்றாள். "அன்னைக்கு இருந்த ஸ்கிரீன். அந்தக் கட்டில் படம்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. தம்பி, அது எப்படி இன்னும் இருக்கு?"

எப்படி என்பது எனக்குத் தெரியும். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி நினைவகம் உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் அது முழுசாகத் துடைக்கப்படுவதில்லை; கரண்ட்டை நிறுத்தினால்தான் போகும். முந்தின பீரியட் வாத்தியார் கரும்பலகையை அழிக்காமல் போனதுபோல, கடைசியாக வரைந்ததெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். உப்புச்சப்பில்லாத மாற்று டிரைவர் மூன்று வாரமாக அதன் ஒரு மூலையைத்தான் தொட்டிருந்தது. இப்போது சரியான டிரைவர் வந்து, புதிதாக வரையும் முன் பழசைத் திறந்து காட்டிவிட்டது. அணைக்கவே கூடாது என்று அண்ணி பிடிவாதம் பிடித்ததன் பலன், என் அண்ணனின் கடைசி மத்தியானம் அந்தக் கார்டுக்குள் இன்னும் இருந்தது.

"ஏதோ குப்பை அண்ணி. டிரைவர் தடுமாறுச்சு. இருங்க, கரண்ட்டை ஒரு தடவை எடுத்து மாட்டினா சுத்தமாயிடும்." என் கை சுவிட்ச் போர்டுப் பக்கம் போய்விட்டது.

"தொடாதே."

பதினாறு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அவள் எனக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"குப்பைன்னா குப்பையாவே இருக்கட்டும். மறுபடி காட்டு."

"மறுபடி வருமான்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அழியும்."

"அப்போ உடனே காட்டு."

இதற்குமேல் என்ன சாக்குச் சொல்வது? திரை மறுபடி இருண்டு கிடந்ததற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. அண்ணன் முன்பு கையால் போட்டதன் மிச்சங்கள் அங்கங்கே கிடந்து, புது டிரைவரோடு ஒத்துப்போகாமல் முரண்டுபிடித்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக் களைந்தேன். வேண்டுமென்றே மெதுவாகக் களைந்தேன். அண்ணி போனை வீடியோவில் வைத்துக்கொண்டு, கை ஆடாமலிருக்க நாலு கனமான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்தினாள். மருந்து அளக்கிற கை, அதில் ஒரு பிசகும் இல்லை.

ரீஸ்டார்ட் கொடுத்தேன். வராதே, வராதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். செத்துப்போன அண்ணனை வராதே என்று கெஞ்சிய தம்பி நான்.

வந்தது. அதே பட்டைகள், வேறு வரிசையில். கட்டில் மறைந்துபோயிருந்தது. வெள்ளைப் பட்டை இப்போது மேலே, முன்னைவிடப் பெரிதாக, எழுத்துகள் அதன் இடது ஓரமாக. அப்புறம் எல்லாம் சுத்தமாகத் துடைக்கப்பட்டு, நீல நிறத்தில் முகப்புத் திரை நிதானமாக எழுந்து நின்று பாஸ்வேர்டு கேட்டது. வேலை முடிந்துவிட்டது. என் வாழ்க்கையில் இவ்வளவு கச்சிதமாக எந்த மெஷினையும் நான் சரி செய்ததில்லை.

அண்ணி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினாள், நிறுத்தினாள், இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"நீ செத்தா... நானும்... இப்படித்தான்... வேலையை."

அதோடு பட்டை கிழிந்திருந்தது.

"எனக்குத்தான் எழுதியிருக்காரு," என்றாள். "நான் செத்தாக்கூட எழுந்திரிக்க மாட்டீங்கன்னு கத்தினேன்ல. நான் கத்திக்கிட்டு இருக்கறப்பவே, வாயால சொல்லாம எழுதியிருக்காரு. ஆமா, நீ செத்தாலும் இப்படித்தான்னு."

வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டு, வெகு நிதானமாக, தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான். தெரியணும்னு கேட்டேன், தெரிஞ்சுபோச்சு. அவ்வளவு வெறுப்போடதான் போயிருக்காரு. பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன், தெரியல பாரு." அவள் அழக்கூட இல்லை. "நீ கைகழுவிட்டு வா தம்பி, சாப்பிடலாம். இதை அழிச்சிடாம எங்க சேத்து வைக்கணும்னு மட்டும் சொல்லிக்குடு."

சேர்த்து வைக்கப் போகிறாளாம். அந்தச் சொல்தான் என்னை உடைத்தது. நான் அழித்ததை, இவள் தனக்கு வந்ததாக நினைத்து ஆயுசு முழுக்கச் சேர்த்து வைக்கப் போகிறாள்.

"அண்ணி, அது அண்ணன் எழுதினது இல்ல."

"பின்ன யாரு?"

"நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். "என்னைச் சமாதானப்படுத்த இப்படியெல்லாம் பொய் சொல்லாதே தம்பி. உனக்குப் பொய் வராது."

"பொய் இல்ல. இதோ பாருங்க." போனை வாங்கிக் காட்டினேன். "எழுத்து இடது பக்கம் இருக்கு. வர்ற மெசேஜ்தான் இடது பக்கம் நிக்கும். நாம எழுதுறது வலது பக்கம் நிக்கும். இது அவனுக்கு வந்தது."

அவள் பார்த்தாள். தன் போனிலேயே வேறொரு உரையாடலைத் திறந்து ஒத்துப் பார்த்தாள். மாத்திரைப் பட்டையில் தேதி பார்க்கிற அதே கவனம். பிறகு கேட்டாள்.

"மீதி என்ன?"

"வேண்டாம் அண்ணி."

"நீதான் எழுதினேன்னா மீதி உனக்குத் தெரியும். சொல்லு."

அந்த மெசேஜை எழுத எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல எவ்வளவு நேரமானது என்று தெரியாது.

"அப்பா கண்ணை மூடுறப்போ நீ யாரோ வீட்டு சோபாவுக்கு நிழல் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. ஆறு மணி நேரம் கழிச்சு வந்து எல்லாரோடயும் சேர்ந்து அழுதே. நீ செத்தா நானும் இப்படித்தான் வேலையை முடிச்சிட்டு வருவேன்." சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். "அப்படியேதான் வந்தேன் அண்ணி. போலீஸ் போன் பண்ணினப்போ நான் ஆஸ்பத்திரி மெஷின்ல கர்னல் மாத்திக்கிட்டு இருந்தேன். பாதியில விட்டா ரெண்டு வார்டுக்கு ஸ்கேன் படம் தெரியாது. முடிச்சிட்டுத்தான் வந்தேன். அம்பது நிமிஷம். அவனுக்கும் அன்னைக்கு அப்படி ஏதோ ஒண்ணு இருந்திருக்கும். நான் கேக்கவே இல்ல."

மூன்று மணி ஆகியிருக்க வேண்டும். மேஜைக்கடியில் பேக்கப் ஆரம்பித்து விசிறிகளின் சத்தம் கூடியது.

"எத்தனை மணிக்கு அனுப்பினே?"

"ரெண்டு பத்துக்கு."

"நான் உள்ள வந்தது மூணு மணிக்கு."

"அதைத்தான் அண்ணி சொல்றேன். நீங்க கத்துறதுக்கு முன்னாலயே அவன் இதைப் படிச்சாச்சு. உங்களால போகல அவன். என்னால போனான்."

சொன்னதும் மனசில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அவளை விடுவித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஆனால் அண்ணியின் முகம் தெளியவில்லை. முதல் தடவையாக அன்றைக்கு அவள் கண்கள் நிறைந்தன.

"அம்பது நிமிஷமா இதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்காரு," என்றாள். "அந்த மனுஷன்கிட்டதான் போய் நானும் அதையே சொல்லிக் கத்தியிருக்கேன். நீ சொன்ன அதே வார்த்தை. அதான் பேசல. என்னத்தப் பேசுவாரு?"

அவள் தலைமேல் இருந்ததை இறக்க வந்தவன், என்னுடையதையும் அதன்மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

விசிறிகள் அடங்குவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு உங்கிட்ட சொல்லல தம்பி. சொல்ல வெட்கமா இருந்துச்சு. அன்னைக்கு நான் கதவைத் திறந்ததும் அவர் அவசர அவசரமா மானிட்டரை அந்தப் பக்கம் திருப்பினாரு. எனக்குத் தெரியக் கூடாத ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது. யாரோ ஒரு பொம்பளைன்னு நினைச்சேன். அதனாலதான் அவ்வளவு கத்தினேன். நாற்பத்தோரு நாளா அவ யாருன்னுதான் தேடிக்கிட்டு இருந்தேன்." மானிட்டரின் ஓரத்தைத் தொட்டு, அன்றைக்கு அவன் அதைத் திருப்பிய பக்கத்தைக் காட்டினாள். "உன்னைத்தான் மறைச்சிருக்காரு. தம்பி இப்படி எழுதிட்டான்னு எனக்குத் தெரிஞ்சா, அப்புறம் நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

நான் அங்கேயே, அந்த ஸ்டூலில், சின்னப் பையன் மாதிரி அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவில்லை. திட்டவுமில்லை. முழுசாக அழட்டும் என்று விட்டுவிட்டு, ஜன்னலின் இரண்டு திரைகளையும் விலக்கினாள்.

"அவர் உன்னைக் காட்டிக் குடுக்கல," என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "நீயா சொல்லிட்டே."

அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன், அவளும் எப்போதும்போல் சாப்பாடு போடுகிறாள். அந்த வீடியோ அவள் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.